ரப்பர் சார் வகுப்பில் என் குப்பைக்கூடை

1

"இன்னைக்கு ஏழாங்கிளாஸ்ல ஒரு பொருள வெச்சேன். பெல் அடிச்சும் பசங்க எந்திரிக்கல."

"என்ன பொருள்?"

"சும்மா, ஏதோ பழைய பொருள்."

"யாரோடது?"

"பேர் சொல்லக் கூடாதுங்கறதுதான் அங்க விதியே."

இந்தக் கதை பிறந்தது இந்த நாலு வரியில்தான். (ஐந்து. இப்போதுதான் எண்ணினேன்.) பேசியது என் கணவரும் நானும். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர் ஓவிய ஆசிரியர். கடைசி வரியைச் சொல்லும்போது சட்டைக் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தேவைக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தார். நான் குடும்ப நாவல் எழுதுகிறவள், பத்தொன்பது வந்திருக்கிறது. என் நாவலில் ஒருவன் அப்படித் தட்டினால் பொய் சொல்கிறான் என்று வாசகிக்குத் தெரியும்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

அவள் மனதில் சந்தேகம் விழுந்தது ஒரு மழைநாளில், அப்போது

மழையெல்லாம் பெய்யவில்லை. ஆனாலும் அந்த வரியை அழிக்கப் போவதில்லை. காரணம் அவர்தான். பள்ளியில் அவருக்கு ரப்பர் சார் என்று பட்டப்பெயர். யார் ரப்பர் கொண்டுவந்தாலும் பிடுங்கி டிராயரில் போட்டுவிடுவார். "போட்ட கோடு போட்டதுதான். அது பக்கத்துலயே அடுத்ததப் போடு" என்பார். முழுப்பரீட்சை முடிந்ததும் ஒரு டப்பா நிறையத் திருப்பிக் கொடுப்பார்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எது கலை என்று ஒரு பாடம். மேஜையில் ஒரு பொருளை வைப்பார். துருப்பிடித்த தாழ்ப்பாள், துவைத்துத் துவைத்து வெளுத்த திரைச்சீலை, இப்படி ஏதாவது. செய்தவர் பெயர் சொல்லப்படாது. 'நல்லாருக்கு', 'நல்லால்ல' இரண்டும் தடை. பிள்ளைகள் சண்டை போட்டு முடித்து, கலை அல்லது கலை இல்லை என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். சார் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

3

மூன்று மாதமாக என் எழுத்தறையின் குப்பைக்கூடையை அவரே கொண்டுபோய்க் கொட்டுகிறார். அக்காவிடம் போனில் சொன்னேன்.

"குடிச்ச டம்ளரையே எடுத்து வெக்க மாட்டாரு. குப்பைய எதுக்குடி எடுக்கறாரு?"

"அதான்க்கா எனக்கும்."

"எவளோ எழுதற லெட்டர உன் குப்பையோட சேத்துக் கொட்டறாரு. உன் கதையில இதானே வரும்?"

"பதினாலாவதுல வந்துச்சு."

"அப்பறம் என்ன? நீயே எழுதிட்டு என்னக் கேக்கற."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அக்கா பத்தொன்பதையும் படித்தவள். அவர் ஒன்றுகூடப் படித்ததில்லை. அட்டையில் வரைந்திருக்கும் பெண்ணை மட்டும் பார்ப்பார். "கழுத்து நீளமா போயிடுச்சு" என்பார். வரைந்தவனைச் சொல்கிறார்.)

4

சனிக்கிழமை காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய பள்ளிப் பையைத் திறந்தேன். லெட்டர் இல்லை. ஒரு ஃபைல் இருந்தது. அதற்குள் நான் கசக்கி எறிந்த பக்கங்கள், இஸ்திரி போட்டுத் தட்டையாக்கப்பட்டு. கூடவே பிள்ளைகளின் முப்பத்தொரு தாள்கள்.

"கலை இல்லை. கசங்கின பேப்பர் எங்க வீட்டுலயும் இருக்கு."

"கலை. 'அவர் திரும்பிப் பார்க்கவில்லை'ன்னு ஒன்பது தடவை எழுதி ஒன்பதையும் அடிச்சிருக்காங்க. சும்மா எழுதறவங்க அவ்வளவு அழுத்தி அடிக்க மாட்டாங்க."

"கலை இல்லை. இவங்களுக்கு ஒரு ரப்பர் குடுத்திருக்கலாம்."

கலை பதினேழு. இல்லை பதின்மூன்று. மிச்சம் ஒரு தாள், குண்டுகுண்டான கையெழுத்தில்:

"தெரியல. ஆனா சார் இத எங்க யார் கையிலயும் குடுக்கல. ஓரத்த மட்டும் பிடிச்சுக் காட்டினாரு."

அழுக்குத் துணியை அப்படித்தான் பிடிப்போம். ஈரம் காயாத ஓவியத்தையும் அப்படித்தான்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று: அவர் பீரோவில் என் பத்தொன்பது நாவல்களும் பென்சில் கோடுகளோடு இருக்கின்றன. அக்கா அழுதுவிடுவாள். ஆனால் அந்தக் கணவனை எனக்குத் தெரியும், அவன் நான் செய்தவன். இன்னொன்று: கலை இல்லாததற்கு அவருக்கு ஒரு உதாரணம் வேண்டியிருந்தது, வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்தது. இந்த முடிவில் அவர்

(பாதியில் விட்டுவிட்டேன்.)

6

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் என் கையில் தாள்களைப் பார்த்தார்.

"பையத் திறந்தியா?"

"கூடையக் கிளறினீங்களா?"

ஈரத் துண்டை நாற்காலியில் போட்டார். மற்ற நாளில் இதற்கே ஒரு சண்டை வந்திருக்கும்.

"உங்க ஓட்டு எதுக்கு?"

"சார் ஓட்டுப் போடறதில்ல. போட்டா மொத்த கிளாஸும் அந்தப் பக்கம் சாஞ்சுடும்."

"இங்க கிளாஸ் இல்லைங்க. நான் மட்டும்தான் இருக்கேன்."

அவர் ஃபைலை வாங்கி, வெளியே நீட்டியிருந்த ஒரு பக்கத்தை உள்ளே தள்ளினார். ஓரத்தைப் பிடித்துத்தான்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். புத்தகம் வரும்போதெல்லாம் அவர் மேஜையில் வைத்து "வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். படிக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. கேட்டால் படித்துவிடுவார், படித்தால் ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம்.

அவர் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ரப்பர் இல்லாமல். நான் கேட்டதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

"கசக்கிப் போட்டதையெல்லாம் படிச்சீங்க இல்ல? கசக்காம வெச்சதையும் ஒரு தடவ படிங்க."