உட்கார்ந்துவிட்ட பெரிய எழுத்துகள்

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆங்கிலத் தலைப்புகளை எழுதும் முறையைச் சொல்லும் கைநூலின் ஏழாம் பதிப்பில், அட்டையிலிருந்த பெரிய எழுத்துகள் அத்தனையும் முழங்காலை மடித்து உட்கார்ந்து சிறிய எழுத்துகளாகிவிட்டன. நாலாயிரம் பிரதிகளிலும் அப்படித்தான். பிரிக்காத கட்டுகளிலும் அப்படித்தான். அன்று மழை இல்லை. மை நன்றாகக் காய்ந்திருந்தது.

அந்தப் பதிப்பகத்தின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றே அழைத்தார்கள். கைநூல் அவருடைய அப்பா எழுதியது என்பதே அக்குடும்பத்தின் முதுகெலும்பு. தலைப்பில் முக்கியச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும், இடையில் வரும் ‘ஆஃப்’, ‘அண்ட்’ போன்ற ஒட்டுச்சொற்கள் அடங்கியிருக்கவேண்டும், முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் எதுவானாலும் பெரிதுதான், நூலின் பெயர் சாய்வெழுத்தில், கட்டுரையின் பெயர் மேற்கோள்குறிக்குள் என்று அது சொன்னதைத்தான் பத்திரிகைகளும் கல்லூரிகளும் நாற்பது ஆண்டுகளாகப் பின்பற்றின. வீட்டிலும் கல்யாணப் பத்திரிகை முதல் இருமல் மருந்துப் புட்டியின் சீட்டு வரை அதே முறை. அதனால் எழுத்துகள் உட்கார்ந்தபோது அங்கே யாரும் அதிசயத்தைப் பார்க்கவில்லை, பிழையைத்தான் பார்த்தார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுக்கு யார் அனுமதி குடுத்தது?" என்று கேட்டார்.

சந்தேகம் முதலில் மருமகள்மீது விழுந்தது. அங்கே பதிப்பாசிரியராக வேலை பார்த்த அவள், முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருந்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டிருந்தாள். பெரியவர் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். "மாமா, உக்கார வைக்கிற வித்தை எனக்குத் தெரிஞ்சிருந்தா, மொதல்ல உங்க புள்ளையை ஒரு நாளாவது வீட்ல உக்கார வச்சிருக்க மாட்டேனா?" அடுத்துச் சந்தேகம் அச்சக ஃபோர்மேன்மீது போயிற்று. அவர் விரல்களை முகர்ந்து பார்த்தார்கள். கிடங்குக்கு இரண்டு பூட்டுப் போட்டுச் சாவிகளைப் பெரியவர் இடுப்பில் செருகிக்கொண்டார். தரையில் சுண்ணாம்புப் பொடி தூவினார்கள், ஒரு காலடியும் விழவில்லை. அட்டையை மறுபடி அச்சடித்தார்கள். எழுத்துகள் பசை காயும்வரை நின்றன, பிறகு உட்கார்ந்தன. கல்லூரி ஒன்று பதினொரு கட்டுகளைத் திருப்பி அனுப்பியது. எதிர்த்தெருப் பதிப்பகக்காரர் டீக்கடையில், "தலைப்புக்கு வழி சொல்றவங்க வீட்டுத் தலைப்பே தலையைத் தொங்கப் போட்டுக்கிச்சாமே" என்று சொன்னது பெரியவர் காதுவரை வந்தது. அப்பாவின் பேர் சந்தி சிரிக்கிறதே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வார வெள்ளிக்கிழமை அவர் கண்ணாடிக் கூட்டைத் தற்செயலாக ஒரு பிரதியின்மேல் வைத்தார். அது அப்பாவின் பெயரை மறைத்தது. உடனே மேலேயிருந்த பெரிய எழுத்துகள் எழுந்து நின்றன. கூட்டை எடுத்தார், உட்கார்ந்தன. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். இரும்பு அலமாரியில் கைநூலின் கைப்பிரதி இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், பச்சை மை, வரிக்கு வரி அடித்தல் திருத்தல். அந்தக் கட்டடத்தில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான்: அப்பாவின் தங்கை, பக்கத்து அறையில் நாற்பத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்தும் அத்தை. அப்பா சொல்லச் சொல்ல அத்தை எழுதியிருப்பார் என்றே இத்தனை காலமும் பெரியவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் பிறர் சொல்லி எழுதுகிறவர் அவ்வளவு அடித்து அடித்து, யோசித்து யோசித்து எழுதமாட்டார். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும், இப்போது அத்தையைச் சந்தேகப்படுவது அப்பாவைச் சந்தேகப்படுவதைவிடச் சுலபமாக இருந்தது. நேராக அங்கே போனார்.

"அத்தை, எழுத்துங்ககிட்ட ஏதாவது சொல்லி வச்சிருக்கீங்களா?"

அத்தை தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்பத்தாறு வருஷமா அதுங்களை எந்திரி, உக்காருன்னு சொல்றதுதானேடா என் வேலை. இதை மட்டும் நான் சொல்லல."

"அப்ப வேற யாரு?"

"ஆறு பதிப்பு பொறுத்துக்கிச்சுங்க. கால் வலிச்சிருக்கும்."

"அப்பா பேரு கெடணுமா?"

"உங்கப்பன்கிட்ட என் பேரைப் போடுன்னு நான் கேட்டேனா? இன்னைக்கும் கேக்கல. நீதான் வந்து கேட்டுக்கிட்டு நிக்கிற."

பெரியவர் நின்றுகொண்டேதான் இருந்தார். பிறகு தன் அறைக்குத் திரும்பினார். திங்கட்கிழமை ஃபோர்மேனைக் கூப்பிட்டு, நூலாசிரியர் இடத்தில் அத்தையின் பெயரை அச்சுக்கோக்கச் சொன்னார். அப்பாவின் பெயரைப் பதிப்பாளர் வரிக்கு மாற்றினார். பதிப்பித்தது அவர்தான் என்பதால் அங்கே ஒரு எழுத்தும் அசையவில்லை. வீட்டாரிடம், "ஆறு பதிப்பா ஒரு அச்சுப்பிழை இருந்துச்சு, திருத்தியாச்சு" என்றார். மருமகளிடம் கிடங்குச் சாவிகளைக் கொடுத்தார். இன்னொன்றும் செய்தார்: அத்தையின் பெயரை முறை அனுமதிப்பதைவிட ஓர் அளவு பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார். மெய்ப்பு அத்தையிடம் போயிற்று. அவர் அதைப் பச்சை மையால் அடித்து உரிய அளவுக்குக் குறைத்தார். முறைன்னா எல்லாருக்கும் முறைதான் என்றாராம். ஆனால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பவில்லை. திருத்தத்தை வேறொரு தாளில் எழுதி அனுப்பிவிட்டு, தன் பெயர் பெரிதாக இருந்த தாளைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

புதிய அட்டையில் எல்லா எழுத்துகளும் நின்றன. திரும்பி வந்த கட்டுகளை யாரும் கிழிக்கவில்லை, அவையும் விற்றன. இப்போது அந்தக் கைநூலைக் கேட்டால் கடைக்காரர், "நிக்கிறதா, உக்காந்ததா?" என்று கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே விலை. உட்கார்ந்ததுதான் கண்ணுக்கு இதம் என்பவர்களும் இருக்கிறார்கள்.