கோபுரம் ஏற ஒரு திருடன்

விண்ணேற்றத் திருநாளன்று காலையில் பேராலயத்துக் கோபுரம் இடிந்து விழுந்தபோது, கோலார் என்கிறவன் சிறையில் காலில் விலங்கோடு உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான். தரை அதிர்ந்தது. கிண்ணம் கவிழ்ந்தது. காவற்காரன் "சேசுவே!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினான். கோலார் எழுந்திருக்கவில்லை. என்ன விழுந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அடுத்த திங்கட்கிழமை அவனைத் தூக்கில் போடுவதாக இருந்தது.

உலகத்திலேயே உயரமான கோவில் எங்கள் ஊரில்தான் இருந்தது. நாலே வருஷம்! ரோமாபுரியில் பாப்பரசர் கட்டுகிற ராயப்பர் கோவிலைவிட நம்முடையது உயரமாக நிற்க வேண்டும் என்று கோவிலை ஆளுகிற எங்கள் குருமன்றத்துச் சாமிகளுக்கு ஒரு வெறி. சனங்கள் நின்று பூசை காண மண்டபம் கட்ட வேண்டிய பணத்தையெல்லாம் மேலே மேலே ஏற்றினார்கள். ஐந்நூறு அடி. கல்லுக்கு மேல் மரம், மரத்துக்கு மேல் ஈயத்தகடு, அதற்கு மேல் இரும்புச் சிலுவை. கோபுரத்தைத் தாங்கிய தூண்களுக்குக் கிழக்கே சாய்ந்துகொள்ளக் கோவில் இருந்தது. மேற்கே என்ன இருந்தது? மண்டபம் வர வேண்டிய இடத்தில் பலகைத் தட்டியும் காற்றும்தான். மழை பெய்தால் பாதி சனம் நனைந்துகொண்டே பூசை கண்டது. ஆனால் தூரத்து வயலில் கோதுமை அறுக்கிறவன்கூடச் சிலுவை முனையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். சாமிகளுக்கு அது போதும். எங்களுக்கும் போதுமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கோலாருக்கு ஈயவேலை. கோபுரத்து மரச்சட்டத்துக்குத் தகடு போர்த்தியவர்களில் அவனும் ஒருவன். பிறகு வருஷா வருஷம் இடுப்பில் கயிறு கட்டி ஏறி, காற்று பிடுங்கியதைச் சரிபண்ணுவது அவன் பொறுப்பு. இரண்டாம் வருஷமே அவன் ஒன்றைக் கண்டான். மேற்குப் பக்கத்துத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிச் சுருங்கியிருந்தன. கிழக்குப் பக்கத்தில் மடிப்புகள் வாய் பிளந்திருந்தன. அடித்துச் சேர்த்தான். மறு வருஷம் மறுபடி பிளந்தது, இன்னும் இரண்டு விரல் அகலமாக. ஈயம் தானாகக் கிழியாது. அடியில் இருப்பது நகர்ந்தால்தான் கிழியும்.

குருமன்றத்துக் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பான வால்ரான் சாமியிடம் போய்ச் சொன்னான்.

"சாமி, மேக்கால தூண் சாயுது. தகடு சொல்லுது."

"தகடு உங்கிட்ட பேசுதா? நீ ஈயத்தைப் பாருப்பா. கல்லை நாங்க பாத்துக்கறோம்."

இந்த வருஷம் சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் ஏறியபோது பதினோரு தகடுகள் ஆணியோடு பிய்ந்து தொங்கின. கீழே போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆவது என்று அவிழ்த்துக் கட்டி இறக்கி, உருக்கி மறுபடி வார்க்கலாம் என்று தன் பட்டறையில் அடுக்கினான். அங்கேதான் புத்தி கெட்டுப்போனான். பண்டசாலைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்திருக்க வேண்டும். பட்டறையில் பதினோரு தகடுகளையும் கண்டுபிடித்தார்கள். கோவில் சொத்தைத் திருடினால் எங்கள் ஊரில் தூக்கு. விசாரணையில் அவன் தூணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் வால்ரான் சாமி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார்.

அவனை நம்பியது ஒரே ஒரு ஜீவன். அவன் மகள் இசாபோ. தாயில்லாத பெண், பதினேழு வயது, வாய் நீளம். சிறைக்கு வந்த முதல் நாளே கம்பிக்கு வெளியே நின்று நேருக்கு நேர் கேட்டாள்.

"எடுத்தியா அப்பா?"

"உங்க அம்மா ஆத்துமா மேல சத்தியமா எடுக்கல."

"சரி," என்றாள். அதோடு சரி. மறுபடி கேட்கவேயில்லை. அப்புறம் ஊரோடு அவள் போட்ட சண்டை இருக்கிறதே! நீதிமன்றச் சேவகன் காலடியில் துப்பினாள். அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியபோது, "திருடன் யாருன்னு கோபுரத்தைப் போய்க் கேளுங்கடா" என்று அவர்கள் வாசலில் நின்று கத்தினாள். கோலாருக்குச் சாவைவிட இது உறுத்தியது. தான் போன பிறகும் இந்தப் பெண் இப்படியே ஊரெல்லாம் அடித்துக்கொண்டு கிடப்பாளே என்று. அவளுக்கு ஒரு துண்டுக் காகிதமாவது மிஞ்ச வேண்டும், அதில் 'இவன் திருடவில்லை' என்று இருக்க வேண்டும். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை.

கோபுரம் விழுந்த மூன்றாம் நாள் வால்ரான் சாமி சிறைக்கு வந்தார். அங்கியெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"விழுந்துடுச்சா சாமி?"

"விழுந்துச்சு. எல்லாரும் பவனிக்கு வெளிய போன நேரம். ஒரு உயிர் போகல. அற்புதம்ப்பா, அற்புதம்."

"மேக்காலதானே?"

சாமி அங்கியைத் தட்டிக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னார். கோபுரத்தின் ஒரு மூலை இன்னும் விழாமல் ஆகாயத்தில் தொங்குகிறது. உத்தரங்களும் கற்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதை இறக்கினால்தான் மிச்சக் கோவில் பிழைக்கும். கொத்தனும் தச்சனும் ஏற மாட்டேன் என்கிறார்கள். எவ்வளவு கூலி சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

"நீ ஏறு. எறங்கி வந்தா உன்னை உயிரோட விட்டுடறோம். மன்னிப்பு."

"மன்னிப்பு குத்தம் செஞ்சவனுக்குத்தானே சாமி? நான் செய்யல. அதை எழுதிக் குடுங்க, ஏறறேன்."

"முதல்ல ஏறி முடி. உயிரோட எறங்கு. எறங்கினதும் ஊர் முன்னாடியே எழுதிப் படிச்சிடலாம்."

"திருடன் இல்லேன்னுதானே?"

"அட, முதல்ல எறங்குய்யா!"

அதைக் கோலார் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். மனுஷனுக்கு வேண்டியது காதில் அப்படித்தான் விழுகிறது.

எட்டு நாள் வேலை. வாளும் கோடாலியும் கயிறும்தான் துணை. ஊரே சதுக்கத்தில் கூடிவிட்டது. ஆப்பிள் மதுப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து விற்றார்கள். பொரித்த மீன் விற்றார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவன் மிதித்திருந்த உத்தரம் சரிந்து போய், இடுப்புக் கயிற்றில் அந்தரத்தில் ஆடினான். கீழே எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"திருடா, விட்டுடாத! கெட்டியாப் புடிடா திருடா!"

அவ்வளவு பாசம்! நானும்தான் கத்தினேன். அவன் பெயர் அந்த நேரத்தில் யாருக்கும் வாயில் வரவில்லை.

ஏழாம் நாள், தொங்கிய மூலையில் அவனே போர்த்திய தகடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டான். கிழக்கு மடிப்பு. மூன்று வருஷம், மூன்று தடவை அவன் அடித்துச் சேர்த்த ஆணிகள், ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட ஒரு விரல், இரண்டு விரல் தள்ளி. கண் தெரிகிற எவனும் பார்த்தால் புரிந்துகொள்வான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை முழுசாக வெட்டியெடுத்து முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி, நேரே வால்ரான் சாமியிடம் கொண்டுபோய் வைத்தான். சாமி குனிந்து வெகு நேரம் பார்த்தார். ஆணி வரிசைகளை விரலால் தடவினார். பிறகு வேலையாளைக் கூப்பிட்டு, "மத்த ஈயத்தோட இதையும் உலையில போடு" என்றார்.

"சாமி!"

"நாளைக்கு மிச்சத்தை முடி கோலார். அப்புறம் பேசலாம்."

எட்டாம் நாள் மத்தியானம் கடைசி உத்தரம் கீழே விழுந்தது. கோவில் பிழைத்தது. அவன் தரையில் கால் வைத்ததும் சேவகர்கள் இரண்டு பக்கமும் பிடித்து, பூசை உடுப்பு வைக்கிற அறைக்குள் கூட்டிப்போனார்கள். மேசைமேல் ஒரு வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் இரண்டு ராத்தல் மெழுகுதிரி ஒன்று. அதைப் பார்த்ததுமே கோலாருக்கு விளங்கிவிட்டது. சட்டையோடு, வெறுங்காலோடு, கழுத்தில் கயிறும் கையில் எரிகிற திரியுமாகக் கோவில் வாசலில் முழங்காலிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கு எங்கள் ஊரில் கொடுப்பது அது.

"இதுவா நீங்க சொன்ன எழுத்து?"

வால்ரான் சாமி கதவைச் சாத்தினார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"கேளு கோலார். நீ திருடன் இல்லேன்னு நான் எழுதினா, நீ தகட்டை எதுக்கு எறக்கினேன்னு எழுதணும். அது எதுனால பிஞ்சுதுன்னு எழுதணும். நீ எங்கிட்ட போன வருஷமே சொன்னேன்னு எழுதணும். அப்போ தெரிஞ்சே அந்தக் கோபுரத்துக்கு அடியில ஊர் சனத்தை நிக்க வெச்சுப் பூசை வெச்சோம்னு ஆகும். அப்புறம் தூக்குமரம் யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சாமி."

"அதான் எழுத முடியாதுங்கறேன்."

"ஒப்புக்க மாட்டேன்னா?"

"திங்கட்கிழமை போனா என்ன, அடுத்த திங்கட்கிழமை இருக்கு. உன் வீடும் பட்டறையும் குருமன்றத்துக்கு வந்துடும். உன் பொண்ணு எங்க போவா? யோசி. நாலு வார்த்தைப்பா. சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

கோலார் யோசித்தான். தூக்குக்கு அஞ்சவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், எட்டு நாள் அந்தரத்தில் தொங்கி உயிரின் ருசியைப் புதிதாகக் கண்டவன் அவன். ஆனால் அவன் நினைத்தது முக்கால்வாசி இசாபோவைத்தான். தெருவில் நிற்பாளே. அவளுக்குத்தான் உண்மை தெரியுமே, ஊருக்கு எதைச் சொன்னால் என்ன? அப்பா எதற்காகச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியாதா? சட்டையைப் போட்டுக்கொண்டான்.

வாசலில் முழங்காலிட்டான். வலது கையை நற்செய்திப் புத்தகத்தின் மேல் வைக்கச் சொன்னார்கள். வால்ரான் சாமி சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான்: கோவில் ஈயத்தைத் திருடினேன்; சர்வேசுரனிடமும் அரசரிடமும் நீதியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். குரல் கணீரென்று வந்தது, பாழாய்ப் போன குரல். சனங்கள் தொப்பியை மேலே எறிந்து கூவினார்கள். "வாழ்க நம்ம திருடன்!" என்று ஒருவன் மதுக் கிண்ணத்தை அவன் வாயில் வைத்தான். இசாபோ முன்வரிசையில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். அவள் ஆட்டவில்லை.

வீட்டில் பட்டாணிக் கூழ் சூடாக இருந்தது. அவள் பரிமாறினாள். அவன் இரண்டு கரண்டி சாப்பிட்டதும் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா. சிறையில அம்மா ஆத்துமா மேல எடுக்கலேன்னு சத்தியம் பண்ணின. இன்னிக்கு நற்செய்தி மேல கைய வெச்சு எடுத்தேன்னு சொன்ன. ஒண்ணு பொய். எது?"

"இதென்ன கேள்வி? இன்னிக்குச் சொன்னதுதான் பொய். உனக்குத் தெரியாதா?"

"நற்செய்தி மேல கைய வெச்சா?"

"சொல்லலேன்னா தூக்குடி! உன்னைத் தெருவில விட்டுடுவாங்க. உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகப் பொய் சொல்லுவ."

"ஆமா!"

"சாமி புத்தகத்து மேலயே சொல்லுவ."

"ஆமாம்மா."

இசாபோ மேசையில் சிந்தியிருந்த கூழை விரலால் துடைத்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"அப்போ சிறையில சொன்னதும் எனக்காகத்தான் சொல்லியிருப்ப," என்றாள். "நான் அழக்கூடாதுன்னு."

அவன் வாயைத் திறந்தான். சத்தியம் பண்ண வேண்டும். எதன் மேல் பண்ணுவது? மனைவியின் ஆத்துமா தீர்ந்தது, நற்செய்தியும் தீர்ந்தது. உலையில் உருகிப்போன அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஆணி, மூன்று வரிசை, விரல் அகலம் என்று உளறினான். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், உடம்பு சரியில்லாதவனுக்குத் தலையாட்டுவது மாதிரி.

"சரிப்பா. சாப்பிடு. ஆறிடும்."

"நம்பறியா?"

"உயிரோட வந்துட்ட. அது போதும். பதினோரு தகடுதானே, ஊர்ல எவன் எடுக்கல?"

அதற்கப்புறம் கோலார் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அவன் படுக்கையில் கிடக்கும்போதே முட்டைக்காரி தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். வாசலில் கூடையை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டுதான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் கூப்பிட்டாள்.

"ஏ திருடன் மகளே, முட்டை வேணுமா?"

போன வாரமாக இருந்தால் அத்தனை முட்டையும் அவள் தலையில் உடைந்திருக்கும். கோலார் தலையைத் தூக்கிக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தான். கதவு திறந்தது.

"நாலு போதும்க்கா," என்றாள் இசாபோ.