குட்டைக் கால்

தையல் மெஷினை வெளியே எடுத்தால்தான் அம்மாவின் உடலைக் கிடத்த இடம் இருந்தது. ஒரு பக்கம் மகள் பிடித்தாள்; மறுபக்கம் எதிர்வீட்டு இஸ்திரிக்கார அக்கா. ஊசிக்குக் கீழே பாதி தைத்த பள்ளிச் சட்டை அப்படியே இருந்தது.

“மெதுவா அக்கா, இந்தக் கால் குட்டை.”

“எனக்குத் தெரியாதா?”

தெரியும். மெஷின் வாங்கிய கடன் அக்கா பேரில்தான். அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு கடன் இருந்ததால், மகளிர் குழுவுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி இன்னொன்று தராது. அக்கா கையெழுத்துப் போட்டாள். பணத்தை அம்மா வாங்கிக்கொண்டு, வாராவாரம் அந்தத் தவணையையும் சேர்த்துக் கொடுத்துவந்தாள். மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு. ஒருத்தி இப்போது பாயில் கிடந்தாள்.

அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, அம்மாவின் இடுப்பிலிருந்து மடித்த நோட்டுகள் விழுந்தன. எழுநூற்று இருபது ரூபாய். அக்கா பேரில் இன்று கட்டவேண்டியது. மகள் அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்து மணிக்கு வசூல்காரர் வந்தார். செவ்வாய்க்கிழமை வசூல் நாள்; குழுவில் மற்ற ஒன்பது பெண்களும் இங்கேதான் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

“அம்மா கடன் தள்ளுபடி ஆயிடும்மா. இன்சூரன்ஸ் இருக்கு. இறப்புச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைங்க.” குரலைத் தாழ்த்தினார். “மத்தவங்க தவணை... நான் தெருமுனையில நிக்கிறேன்.”

“ஒரு வாரம் தவறாதவ,” என்று மூக்கைச் சிந்தினாள் குழுத் தலைவி. “இப்ப ஒரேயடியா மட்டம் போட்டுட்டா பாரு.”

யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒவ்வொருவராகத் தெருமுனைக்குப் போய்வந்தார்கள். அக்கா மட்டும் எழவில்லை. மகளையே பார்த்தாள். மகள் அம்மாவின் முகத்தில் இல்லாத ஈயை விரட்டினாள்.

ஒரு தவணை குறைந்தாலும் வசூல்காரர் நகரமாட்டார். பதினொரு மணிக்குத் தலைவி குனிந்து, “என்னடி, சாவு வீட்டு வழியில அந்த ஆள் நிக்கிறது நல்லாவா இருக்கு? எழுந்திரு” என்றாள்.

அக்கா எழுந்து அவளோடு போனாள். திரும்பியபோது காதில் தோடு இல்லை.

மாலையில் எல்லாம் முடிந்து, வீடும் கழுவியாயிற்று. மகள் மெஷினைத் தனியாக இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அக்கா தெருவைக் கடந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“எந்த வீட்டுக்கு? உங்க வீட்டுக்கா, எங்க வீட்டுக்கா?”

மகளின் கை இடுப்புக்குப் போய்த் திரும்பியது.

“பழைய இடத்துலயே அக்கா.”

உள்ளே இறக்கினார்கள். மெஷின் ஆடியது. அக்கா தரையில் தேடி, அம்மா எப்போதும் முட்டுக்கொடுக்கும் அட்டைத் துண்டை எடுத்து நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கடியில் செருகினாள். ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.