ஒரு p குறைந்த அப்பா

நிவேந்திரன் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் கழுத்தைத் திருகியிருப்பேன். தொண்ணூற்றெட்டில், பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் அடையாள அட்டை அடிப்பதற்கு ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதி வைத்துவிட்டு, அதிகச் சம்பளத்துக்குக் கோலாலம்பூருக்கு ஓடிப்போன புண்ணியவான் அவன். அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தது நான்.

தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே இருந்த அலுவலகத்தில், என் மேசைக்கு முன்னால் ஜானகி நின்றாள். நியாலாஸ் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் புதுப் பெண். அவள் அட்டையில் Janaki a/p என்று மட்டும் அடித்திருந்தது. a/p, அதாவது மகள் என்று இருக்கிறது, யாருடைய மகள் என்று இல்லை. அரசாங்க அடையாள அட்டையான ஐசியில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று காவலாளி நேற்றே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அக்கா, இன்னிக்குப் பத்து மணிக்குள்ள உள்ள வரலன்னா வேற ஆள எடுத்துருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. எனக்கு இந்த வேலை வேணும்க்கா."

"பாத்துக்கிட்டுத்தான்லா இருக்கேன்!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

கணினியில் அவள் அப்பா பெயர் வீரமுத்து என்று பத்திரமாகத்தான் இருந்தது. அட்டைக்கு மட்டும் வரமாட்டேன் என்றது. மலாய்க்காரர்களுக்கு அப்பா பெயரும் முழுப்பெயரிலேயே சேர்ந்துவிடும். சீனர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம் ஆட்களுக்காகத்தான் நிவேந்திரன் தொழிலாளியின் விவரங்களை அடுக்கிவைக்கும் 'கிளாஸ்' என்ற அமைப்பில் appa என்று தனி ப்ராப்பர்ட்டி, அதாவது ஒரு விவரக் கட்டம், வைத்திருந்தான். அதை நேராக எடுத்திருந்தால், பெயரில் தப்பு இருந்தால் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் ஆகும்போதே தெரிந்திருக்கும். மேதாவி, புரோகிராம் ஓடும்போது கிளாஸிடம் போய், 'appa என்று ஏதாவது வைத்திருக்கிறாயா?' என்று கேட்கும்படி எழுதியிருந்தான். இல்லையென்றால் சத்தம் போடாமல் வெறுமையாக அடித்துவிட வேண்டும். பிழையின் வாயைப் பொத்தி வைப்பதற்கு ஒரு புத்திசாலித்தனம்!

அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கடைசியில் கிளாஸிடமே கேட்டுவிடலாம் என்று நாலு வரி எழுதினேன். உன்னிடம் உள்ள ப்ராப்பர்ட்டி பெயர்களையெல்லாம் சொல் என்றதும் பெயர், வயது, பிரிவு என்று மலாயில் திரையில் வந்து விழுந்தன: nama, umur, jabatan, apa.

apa. ஒரு p-யைக் காணோம். காலையிலிருந்து என் கண் அதை அப்பா என்றே வாசித்திருக்கிறது!

எதிர் மேசையில் இருந்துகொண்டு அதே புரோகிராமைப் பார்த்துவந்த மலாய்க்காரன் அஸ்மானைக் கேட்டேன். "நான்தான் போன வாரம் திருத்தினேன்," என்றான் மலாயில், பெருமையாக. "நிவேனுக்கு மலாய் எழுத்துக்கூட்டவே தெரியாது. apa-வுக்கு ஒரு p போதும்."

மலாயில் apa என்றால் 'என்ன'.

"ஒரு ப்ராப்பர்ட்டிக்கு எவனாவது 'என்ன' என்று பெயர் வைப்பானா?"

"நிவேன் வைப்பான்."



பிடுங்கிய p-யைத் திரும்பச் சேர்த்து, பத்து அடிக்கும் முன்னால் அட்டையை அடித்து நீட்டினேன். Janaki a/p Veeramuthu. ஜானகி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் கடுகடுத்தது.

"நான் வயித்துல இருக்கும்போதே ஓடிப்போன மனுசன்க்கா இவரு. எங்கம்மாதான் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டி என்னைய வளத்துச்சு. இப்ப இந்தாளு பேரு இருந்தாத்தான் உள்ள விடுவாங்களாம்!"

அட்டையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினாள்.

நிவேந்திரன் மேலிருந்த கோபமெல்லாம் வீரமுத்துவின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பட்டியல் இன்னும் திரையில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அம்மாவுக்கு அதில் இடமே இல்லை.