விட்டுவைத்த புல்

கோடை முழுக்க அந்தச் சரிவில் ஓர் ஆட்டின் வாய் படாமல் காத்தவள் நான். காத்தது என் புருஷன் தம்தின் அல்ல. அவன் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தான். செம்மறி, வெள்ளாடு எல்லாவற்றையும் வடக்கே கல்லுக்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், ஒட்டகத்தில் தண்ணீர் சுமந்து, வெயிலில் உதடு வெடித்து ரத்தம் கட்டி, பக்கத்திலேயே தலைநீட்டி நின்ற காட்டு வெங்காயத்தைப் பார்க்காதவள்போலத் தினமும் கடந்து வந்தேன். எதற்கு? பனி விழுந்தபின் சினை ஆடுகள் குளம்பால் பனியைக் கிளறினால் அடியில் ஏதாவது இருக்க வேண்டுமே. இந்தக் கோபிப் பாலைவனத்தில் குளிர்காலத்துக்கென்று விட்டுவைத்த புல்தான் மந்தையின் உயிர். அது போனால் வசந்தத்தில் தோலை உரித்து அடுக்க வேண்டியதுதான்.

கோடை முடிந்தபின் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை. முதல் பனிக்கு முன்னால், சரிவிலிருந்த குளிர்காலப் பட்டியைப் பழுதுபார்க்கலாமென்று குதிரையில் போனேன். சரிவு மொட்டையடித்த தலைபோல இருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். செம்மறி மேய்ந்திருந்தால் அடித்தட்டையாவது நிற்கும். இங்கே வேரையும் காணோம், மண்ணெல்லாம் பறித்துப் போட்ட குழி. வெள்ளாட்டு வேலை. எங்கு பார்த்தாலும் புழுக்கை, அதுவும் இன்னும் சரியாகக் காயாத புழுக்கை. 

அந்த வட்டாரத்தில் அவ்வளவு வெள்ளாடு வைத்திருப்பவன் ஒருவன்தான், என் கொழுந்தன் ஓச்சிர். ரோமத்துக்கு நல்ல விலை வருகிறதென்று செம்மறியையெல்லாம் தள்ளிவிட்டு வெள்ளாடாக வாங்கிக் குவித்த மகராசன்.

குதிரையை நேரே அவன் கூடாரத்துக்கு விட்டேன். நாயைப் பிடிக்கச் சொல்லி வெளியே நின்று குரல் கொடுப்பது வழக்கம். நான் கொடுக்கவில்லை. நாயே என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நேரே உள்ளே நுழைந்தேன்.

"வெக்கமா இல்லையாடா ஒனக்கு? ஒன் வெள்ளாட்டுக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா?"

"அண்ணி, மொதல்ல உக்காருங்க..."

"உக்கார வரல. கோடை பூரா நாக்குத் தள்ளத் தண்ணி சொமந்து காத்தது ஒனக்குப் பந்தி விரிக்கவா? வேரையுமாடா புடுங்குவே? அடுத்த வருஷம் மொளைக்கக்கூட விடலியே, நாசமாப் போறவனே!"

அவன் பெண்டாட்டி தேநீர் ஊற்றிக் கிண்ணத்தை நீட்டினாள். பகையாளி வீட்டிலும் அதை வாங்கி உதட்டிலாவது வைக்க வேண்டும். நான் கையை நீட்டவில்லை.

"அக்கா, டீ ஆறுது."

"நீயே குடி. என் புல்லத் தின்ன ஆட்டுப் பாலுதானே அது?"

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கலங்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

ஓச்சிருக்கு இப்போது முகம் கறுத்தது. "போதும் அண்ணி. நான் திருடல. பந்தயத்தப்போ எல்லார் முன்னாடியும் அண்ணன்கிட்ட மூக்குப்பொடிச் சிமிழ நீட்டிக் கேட்டேன். வாங்கி உறிஞ்சிட்டு, 'நம்ம எடந்தானடா, மேச்சுக்கோ'ன்னாரு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. பந்தயத்தில் எந்தக் குதிரை முந்தியது, எந்தப் பையன் விழுந்தான், எல்லாம் சொன்னான். இதை மட்டும் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்தபோது தம்தின் வாசலில் உட்கார்ந்து சேண வாருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஊசி நின்றது. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி மரியாதையாச் சிமிழ நீட்டறான். ஊரே பாக்குது. எப்பிடிடி முடியாதுங்கறது?"

"வாயத் தொறந்து சொல்றது! இல்லே, பொண்டாட்டியக் கேட்டுச் சொல்றேன்னாவது சொல்றது!"

"அப்பிடிச் சொன்னா சிரிப்பாங்க."

"ஓஹோ! ஒன்ன யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு என் சினை ஆடு சாகணுமாக்கும்?"

"கொஞ்சமா மேய்ப்பான்னு நெனச்சேன்..."

"வெள்ளாடு கொஞ்சமா மேயுமா? ஏய்யா, நீ ஆட்டுக்காரன்தானே? இல்ல, ஊர் வேடிக்கை பாக்கப் பொறந்தவனா?"

அவன் மறுபடியும் ஊசியை வாரில் குத்தி இழுத்தான். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

"நான் மந்தைய ஓட்டிக்கிட்டு எங்கண்ணன் எடத்துக்குப் போறேன். நீ இங்கயே கெட. குடுத்த வாக்க நீயே மேஞ்சுக்கோ!"

விடிந்ததும் கிளப்பினேன். வெள்ளாடுகள் முன்னால் போக, செம்மறிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வந்தன. வழியெல்லாம் வெறும் சரளை. வெகு தூரத்துக்கு அப்பால், கூடாரத்தை ஒட்டகங்களில் கட்டி ஏற்றிக்கொண்டு தம்தின் வந்துகொண்டிருந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான், பார்த்தேன்.

அண்ணனின் குளிர்கால இடத்தில் புல் மஞ்சளாக, ஒரு வாய் படாமல் நின்றது. பார்த்ததும் ஆடுகளுக்கு முன்னால் எனக்கு நாக்கில் நீர் ஊறியது. அண்ணன் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். புல் என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம்.

"அட, செவெல்! வா வா! புல்லா? இதுல கேக்க என்ன இருக்கு? நம்ம எடந்தானே, மேச்சுக்கோ!"

அவனுக்குப் பின்னால் கூடார வாசலில் அண்ணி கோர்லோ கிண்ணத்துடன் நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை. அவள் உதடுகள் என் உதடுகளைப் போலவே வெடித்து ரத்தம் கட்டியிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அங்கே தண்ணீர் சுமந்தது யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, நீ வாய மூடு" என்றேன். "அண்ணி, ஒங்ககிட்டத்தான் கேக்கறேன். என் புருஷன் எங்க புல்லத் தன் தம்பிக்கு வாக்காக் குடுத்துட்டாரு. எல்லாம் சினை ஆடு. நீங்க முடியாதுன்னா இப்பவே திருப்பறேன்."

"அவள எதுக்குக் கேக்கறே..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"கேக்கறாளாம்!" கோர்லோ வெடித்தாள். "மந்தையவே கொண்டாந்து மூஞ்சிக்கு முன்னாடி நிறுத்திட்டுக் கேக்கறா! முடியாதுன்னா எங்க ஓட்டுவே, வானத்துக்கா? கோடை பூரா முதுகொடிய நான் காத்தது ஒனக்குப் பந்தி விரிக்கவா?"

ஓச்சிர் கூடாரத்தில் நான் கொட்டியதெல்லாம் அப்படியே என் தலையில் விழுந்தது.  பின்னால் வந்து சேர்ந்த தம்தின் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மூச்சு வாங்க ஆடுகளைப் பார்த்தாள். ஒரு கிழட்டுச் செம்மறி அதற்குள் அவள் பாவாடை ஓரத்தைச் சப்ப ஆரம்பித்திருந்தது. அதன் வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள்.

"மேக்கால சரிவு மட்டும். செம்மறி மட்டும். வெள்ளாடு ஒண்ணு உள்ள கால வெச்சாலும் அறுத்து வேக வெச்சுடுவேன். அதுகள ஒன் புருஷன் பாறைப் பக்கம் ஓட்டட்டும். வாக்குக் குடுக்கத் தெரிஞ்சவருக்கு மேய்க்கவா தெரியாது?"

பிறகு கிண்ணத்தை நீட்டினாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஓச்சிர் பெண்டாட்டியின் கலங்கிய கண் எனக்கு நினைவுக்கு வந்தது. என் சரிவில் வெள்ளாட்டை விடலாமா என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று அப்போதுதான் தோன்றியது.

இரண்டு கைகளாலும் வாங்கினேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.