உதட்டைப் படிக்கிறவர்கள்

ஜேபஸ் துணி துவைக்க உட்காருமுன் ஜன்னல் திரையை இழுத்துவிடுவான். இங்கிலாந்தில், லங்காஷயரின் அந்தத் தெருவில் துவைக்கிற ஆம்பளை தான் ஒருவன்தான் என்று அவனுக்கு நினைப்பு. வேறு சில வீடுகளிலும் பகலில் திரை மூடித்தான் இருந்தது.

அவன் நூற்பாலைத் தொழிலாளி. போன வருட வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதிலிருந்து எந்த ஆலையும் அவனைச் சேர்க்கவில்லை. மனைவி கெசையா நெசவாலையில் தறி ஓட்டினாள். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. எரியவைத்தவன் அவன்.

மதியச் சாப்பாட்டை ஆலைக்குக் கொண்டுபோவதும் அவன்தான். அன்று உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாவுக்குள் வைத்துச் சுட்டிருந்தான். துணியில் கட்டி எடுத்துவந்து, சங்கு ஊதட்டும் என்று முற்றத்தில் நின்றான். கொதிகலனுக்குக் கரி தள்ளும் ஏனோக் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தான்.

“வாசனை தூக்குதே. யாரு பண்ணது, நீயா?”

“நானா? நல்லா கேட்ட போ. விடியக்காலைல அவ பண்ணி வச்சுட்டு வந்தா.”

“சமையக்கட்டு ஏப்ரன் உனக்குத்தான் கச்சிதமா இருக்குன்னு ஊருல பேசிக்கிறாங்க.”

“எவன் சொன்னான்? அவ சுத்த சோம்பேறிடா. நான் சத்தம் போட்டாத்தான் அடுப்பு பக்கமே போவா. இதுலயும் உப்ப அள்ளிக் கொட்டியிருப்பா பாரு.”

ஏனோக் சிரித்தான். ஜேபஸுக்கு நிம்மதியாக இருந்தது. ஆலை ஜன்னலுக்கு உள்ளே கெசையா தறிகளுக்கு நடுவில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினான். அவள் ஆட்டவில்லை.

கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே தறி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் அலறினாலும் கேட்காது. அதனாலேயே நெசவுக்காரிகள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசினார்கள். கூடத்தின் மறுகோடியில் இருப்பவள் அதைப் படித்துக்கொள்வாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களையும் படிப்பார்கள். பொம்பளைகளின் கோமாளித்தனம் என்று அவன் அதைக் கவனித்ததே இல்லை.

கெசையாவின் உதடு அசைந்தது. அடுத்த தறிக்காரி திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. அதற்கடுத்தவள் திரும்பினாள். கூடத்தின் கோடிவரை அது போனது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சங்கு ஊதியதும் கெசையா வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் தின்றாள்.

“உப்பு சரியாத்தான் இருக்கு.”

“கெசையா, நான் சும்மா அவன்கிட்ட...”

“பாத்திரம் துடைக்கிற துணி கிழிஞ்சு போச்சுய்யா. என் பழைய சட்டைய வெட்டிக்க.”

ஏனோக் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். இன்னமும் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் அவள் அறைந்தே இருக்கலாம்.

மறுநாள் ஏனோக் விடவில்லை. “இன்னிக்காவது உப்ப கம்மியா போட்டாளா?”

ஜேபஸ் ஜன்னல் பக்கம் முழு முகத்தையும் திருப்பினான். வாயை அகலமாகத் திறந்து, மெதுவாகச் சொன்னான்.

“நான்தான் சமைச்சேன். தினமும் நான்தான். துவைக்கிறதும் நான்தான்.”

“அத ஏன்டா ஜன்னல்கிட்ட சொல்ற?”

உள்ளே கெசையா முதுகைக் காட்டிக் குனிந்து, அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். மற்றவர்களின் கண்ணும் தறிமேல்தான் இருந்தது. கேட்டவன் ஏனோக் மட்டும்தான். கரிவாரியைச் சுவரில் சாத்திவிட்டு, மற்ற கரிக்காரர்களைத் தேடி வேகமாகப் போனான்.

சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. சூடான பொட்டலத்தோடு ஜேபஸ் அங்கேயே நின்றான்.