எல்லைக்கல்லில் ஒரு பொட்டு

ஆத்தூர் பஸ்ஸிலிருந்து அய்யம்மாள் இறங்கும்போது, சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் பச்சைப்பிள்ளையைப் போலப் பொத்தி வைத்திருந்தாள். மடியில் குங்குமப் பொட்டலம். தம்பி கண்ணுசாமி வரைந்த படங்களை இன்று சாயங்காலம் திண்டுக்கல்லில் பார்வைக்கு வைக்கிறார்கள். மதராசில் வைத்தாயிற்று, பம்பாயில் வைத்தாயிற்று, பேப்பரில் அவன் மூஞ்சியைப் போட்டாயிற்று. சொந்த ஊரில் மட்டும் இந்த அறுபத்திரண்டாம் வருஷம் வரைக்கும் அவனைச் சீந்த ஆளில்லை. அதனால் அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமா நஞ்சமா!

பேசுகிறவன் அவள் புருஷனுக்கு அண்ணன், உடையப்பன். கண்ணுசாமி சாமி படம் போடமாட்டான், ராசா ராணி போடமாட்டான். மலைக்கோட்டைப் பாறையில் விழுகிற மத்தியான வெயில், வடமதுரை ரோட்டுப் புளியமரம், சின்னாளபட்டியில் காயப்போட்ட சுங்குடிச் சேலைகளுக்குப் பின்னால் தெரிகிற சிறுமலை, ஆத்தூர்க் கண்மாய்த் தண்ணீர், இவைதான் அவனுக்குப் படம். "வெறுங்காட்டப் பாக்கத் திண்டுக்கல்லு வரைக்கும் போகணுமாக்கும்? தெனம் வெடிஞ்சா நான் பாக்குறதுதானப்பா" என்று சாவடியில் உட்கார்ந்து உடையப்பன் கேட்பான். கூட இருக்கிறவர்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அய்யம்மாள் மறக்கவே இல்லை. இன்றைக்கு அந்த மனுஷனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வரட்டும், வந்து கண்ணைத் திறந்து பார்க்கட்டும் என்று அவளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

படம் வைத்திருந்தது திண்டுக்கல் பேகம்பூரில், கண்ணுசாமியின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி அப்துல் வாஹித் தோல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில். வெள்ளையடித்து, சாம்பிராணி போட்டு, பன்னீரும் தெளித்திருந்தான் வாஹித். அப்படியும் தோல் வாடை போவேனா என்றது. தம்பி, மதராசிலிருந்து வந்த ஓவியக் கல்லூரிப் பெரியவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். வாஹித் வாசலில் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அவள் ஒருத்திதான்.

புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விட்டுப் பழகாத கை அது. புது வண்டி, புது ஏர், போன வருஷம் இறக்கிய பம்புசெட்டு, எதையும் அவள் விட்டதில்லை. தம்பியின் படங்கள் மட்டும் மொட்டையாக நிற்பதா? ஒவ்வொன்றுக்கும் அடியில், நட்டநடுவில், கண்ணாடி மேல் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். ஊரே இனி வாயடைத்து நிற்கப்போகிறது என்ற பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

கடைசிச் சுவரில் கண்ணாடி போடாத பெரிய படம். பார்த்தவுடனே பொறிதட்டியது. அவள் புகுந்த வீட்டுக் காடு! மேற்கே கருத்துக்கொண்டு வருகிற வானம், உழுது போட்ட செம்மண், கிணற்று மேடு, வேம்பு, வேம்படியில் எல்லைக்கல். சித்திரையில் வருஷத்து முதல் உழவுக்கு நல்லேர் பூட்டும்போது அந்தக் கல்லுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் மாட்டை ஓட்டுவார்கள். அதைத் தாண்டி அந்தக் குடும்பத்தில் யாரும் செருப்புக்காலோடு போவதில்லை. அடடா, மண்வாசனைகூட வருகிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தபடியே அவள் கையை நீட்டினாள். விரலில் பிசுக்கென்று என்னவோ ஒட்டியது. ஈரம் காயாத பெயிண்ட்.

"யா அல்லா! என்னக்கா பண்ணிட்டீங்க?" என்று வாசலிலிருந்து வாஹித் ஓடிவந்தான். துண்டை நனைத்துக் கண்ணாடிகளை எல்லாம் துடைத்தான். பெரிய படத்திடம் மட்டும் அவன் போகவில்லை. குங்குமம் பெயிண்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

பெரியவரை வாஹித் வீட்டில் டீ குடிக்க உட்காரவைத்துவிட்டுக் கண்ணுசாமி உள்ளே வந்தான். பார்த்தவன் முகம் செத்துப்போயிற்று.

"யாருக்கா இந்த வேலயப் பாத்தது? இன்னும் காயவே இல்லையே!"

"நான்தாண்டா. மத்த படத்துக்கெல்லாம் நடுவுல வச்சத வாஹித் தொடச்சிட்டான்" என்றாள் அய்யம்மாள். இத்தனை நாள் ஊரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் தானே அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே. "சொரண்டிரு கண்ணு. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வாரதுக்குள்ள சொரண்டிரு."

அவன் பெயிண்ட் வழிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தான். கத்தி பொட்டைத் தொடப் போன நேரம் நிறுத்தினான்.

"மத்ததுக்கெல்லாம் நடுவுல வச்சேங்கிற. இதுல மட்டும் ஏன் ஓரத்துல வச்ச?"

"ஓரமா? கல்லுலதானடா வச்சேன். வருசா வருசம் வைக்கிற கல்லு. கை தானாப் போயிருச்சு."

கண்ணுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தான், அக்காவின் விரலைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மதராசுல எம்புட்டுப் பேரு பாத்தாக. கை தட்டுனாக, கை குடுத்தாக. ஒருத்தர் கையும் படத்துக்குள்ள போகலையேக்கா."

கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டான்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. பெரியவர் படம் படமாக நின்று வந்தார். கடைசிப் படத்தின் முன் வந்ததும், "இந்தச் சிவப்பு என்ன?" என்று கேட்டார்.

"எங்க அக்கா வச்சதுங்க" என்றான் கண்ணுசாமி, நிமிர்ந்து நின்று.

அப்போதுதான் உடையப்பன் நுழைந்தான். பின்னாலேயே ஆத்தூர் ஆட்கள். டயர்ச் செருப்பு சரக் சரக்கென்று சத்தம் போட, ஏளனமாய் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வரிசையாகக் கடந்து வந்தவன், பெரிய படத்தின் முன் நின்றான்.

"இது... நம்ம கெணத்து மேடுல்ல?"

அவன் கண் வேம்புக்குப் போயிற்று. அங்கிருந்து கல்லுக்கு, பொட்டுக்கு. பிறகு மெல்லத் தன் காலைக் குனிந்து பார்த்தான். திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்து அதே இடத்தில் நின்றான். அவன் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக வாசலுக்குப் போனார்கள்.

அய்யம்மாள் தலையை உயர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கிட்டங்கி வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மதராஸ் பெரியவர் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.